முற்றத்துக்கு சிமெண்டு, மொட்டை மாடிக்கு மண் மூட்டை

போன சித்திரையில மூத்த மக வீட்டுக்குப் போயிருந்தேன். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், சொந்த வீடு. ராத்திரி ரயிலேறி காலையில போய் இறங்கி, பல்லு விளக்கி, காப்பி குடிச்ச உடனே மருமகன் கூப்பிட்டார். "மாமா, மேல வாங்க. நம்ம தோட்டத்தைப் பாருங்க."

மொட்டை மாடியில வரிசையா நாப்பது பை. குரோ பேக்குன்னு சொல்லுதாங்க. ரெண்டு வருஷ வெயில்ல பாதிப் பை நார் நாரா உரிஞ்சு போச்சு. கையால தொட்டா வெள்ளைத் தூளா உதிருது. அந்தத் தூளு செடிக்குள்ளயும் போகும், மழைத் தண்ணிக்குழாய்க்குள்ளயும் போகும். அதுக்குள்ள நாலு கத்தரி, கொஞ்சம் வெண்டை, வாடிப்போன தக்காளி. மருமகன் பாடுபட்டிருக்கார். அதுல சந்தேகமே இல்ல. காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துதார்.

"பை அடிக்கடி கிழியுது மாமா. அதனால நிரந்தரமா இங்கேயே செங்கல் வச்சு ரெண்டு பெரிய பாத்தி கட்டிரலாம்னு இருக்கேன். பத்தடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம். கொத்தனார்கிட்ட பேசியாச்சு. செம்மண் கலவை நூறு மூட்டை சொல்லிருக்கேன்" அப்படின்னார்.

நான் மாடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு கீழ எட்டிப் பாத்தேன். வீட்டைச் சுத்தி காம்பவுண்டுக்குள்ள ஒரு பிடி மண்ணு கிடையாது. வாசல்ல இருந்து பின்பக்கம் கிணத்தடி வரைக்கும் பேவர் பிளாக் பதிச்சிருக்கு. வெயில் பட்டு கண்ணு கூசுது. ஒரு கார் நிக்கிற இடம் போக, அறுநூறு சதுர அடிக்குக் குறையாது.

காலுக்குக் கீழ இருக்குற மண்ணைச் சிமெண்டு போட்டு மூடிட்டு, எங்கயோ கிடந்த மண்ணை மூட்டையில காசு கொடுத்து வாங்கி, ரெண்டு மாடி தூக்கிட்டுப் போய் வைக்கிறதுக்குப் பேரு தோட்டமாம். இதை என் மருமகன் மட்டும் செய்யலை. அந்தத் தெருவுல முக்கால்வாசி வீடு அப்படித்தான். தமிழ்நாட்டுல 2003-லயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு. ஒரு மூலையில குழி தோண்டி மூடி போட்டு வச்சிருக்காங்க. மிச்ச இடம் முழுக்க மழை உள்ள போகாம சீல் வச்சாச்சு.

மருமகன் வீடு பாருங்க, அன்னிக்கு வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். ராத்திரி சாப்பிட்டுட்டுதான் பேசினேன். பேசினதை எல்லாம் கேட்டுட்டு அவரே சொன்னார், "இதை அப்படியே எழுதுங்க மாமா, என்னைத் திட்டி எழுதினாலும் பரவால்ல"ன்னு. அதனாலதான் எழுதுதேன்.

முதல்ல அந்தச் செம்மண்ணு எங்க இருந்து வருதுன்னு சொல்லுதேன். எனக்குத் தெரியும். ஏன்னா நானும் வித்திருக்கேன்.

எங்க ஊரு சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கால்வாய்க்குக் கீழ இருக்குறது நஞ்சை. மேட்டுப் பக்கம் எங்க அப்பா வச்சிட்டுப் போன புஞ்சை 60 செண்ட் இருக்கு. நல்ல செம்மண்ணு. அப்பா காலத்துல அதுல உளுந்தும் எள்ளும் போட்டு எடுப்போம். 2013-ல மூத்தவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. கையில காசு இல்ல. ஒருத்தர் வந்தார். "மேல ஒரு அடி மண்ணை மட்டும் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி, நெலம் உங்ககிட்டதான் இருக்கும், நட்டம் ஒண்ணுமில்ல" அப்படின்னார். நர்சரிக்கும், வீட்டு மனை நிரப்பவும் மண்ணு அடிக்கிறவர் அவர்.

60 செண்ட்ல ஒரு அடி ஆழம்னா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. மொத்தம் 26 ஆயிரம் கன அடிக்கு மேல. நூறு கன அடி ஒரு யூனிட்டுன்னா 261 யூனிட். டிப்பர் வந்துக்கிட்டே இருந்தது. நாலு நாளுல முடிஞ்சு போச்சு.

அடுத்த புரட்டாசியில உளுந்து விதைச்சேன். முளைச்சது, நாலு இலை விட்டது, அப்படியே நின்னுபோச்சு. கீழ இருந்ததெல்லாம் சரள். மண்புழு இல்ல, மக்கு இல்ல, மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்காம வழிஞ்சு ஓடுது. அன்னியில இருந்து கொழுஞ்சி விதைச்சு மடக்கி உழுதேன். கோடையில கீதாரிமாரைக் கூட்டிவந்து ஆட்டுக்கிடை போட்டேன். வருஷம் பத்துக்கு மேல ஆச்சு. இப்பதான் உளுந்து ஒரு மாதிரி காய்க்குது. அப்பா காலத்து விளைச்சல் இன்னும் வரலை. நட்டம் ஒண்ணுமில்லன்னு சொன்னவர் அதுக்கப்புறம் எங்க ஊர்ப்பக்கம் வரவும் இல்ல.

அந்தக் காசுல கல்யாணம் முடிச்சு அனுப்பின மகதான், இன்னிக்குச் சென்னையில செம்மண்ணு மூட்டை வாங்குதா. அது எங்க புஞ்சை மண்ணுன்னு நான் சொல்லலை. வேற யாரோ ஒரு அப்பன் புஞ்சையா இருக்கும்.

"நீங்க விக்கிறதால தானே நாங்க வாங்குறோம்"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். வித்தது என் தப்பு. அதை மறைக்க நான் இதை எழுதலை. ஆனா மூட்டையைப் பிரிக்கிற உங்களுக்கு அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியணும். மண்ணுக்கு ஃபேக்டரி கிடையாது. ஒரு இடத்துல குழி விழாம இன்னொரு இடத்துல மூட்டை நிக்காது.

அடுத்தது மணல். "செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு"ன்னு எல்லாரும் ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அந்த ஒரு பங்கு மணலுக்கு எங்க ஆறு என்ன பாடு பட்டுதுன்னு தெரியுமா? ஆத்துல மணல் இருந்தாத்தான் தண்ணி நிக்கும், கரையில கிணறு ஊறும். மணல் போன இடத்துல பாறையும் களியும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தோழர் நல்லகண்ணு வழக்குப் போட்டு, 2010 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில மணல் அள்ள அஞ்சு வருஷத்துக்குத் தடை போட்டுது. வீட்டுக் கத்தரிக்காய்க்கு ஆத்து மணல் தேவையே இல்ல. பொலபொலப்பு வேணும்னா மக்கு சேருங்க. மக்கு சேந்தாப் போதும், களிமண்ணும் இளகும்.

சரி, பாத்திக்கு வருவோம்.

மேட்டுப்பாத்தின்னா என்னமோ வெளிநாட்டுக்காரன் இப்பதான் கண்டுபிடிச்ச மாதிரி வீடியோ போடுதாங்க. தாமிரபரணி கடல்ல சேருததுக்குக் கொஞ்சம் முன்னால ஆத்தூர்னு ஒரு ஊர் இருக்கு. அந்த வெத்தலைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அங்க போய் ஒரு கொடிக்காலைப் பாருங்க. நீளமா மேடு, மேட்டுக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கால். மேட்டுல அகத்தி, அகத்தியில வெத்தலைக்கொடி. வேருக்கு ஈரமும் வேணும், தண்ணி கட்டவும் கூடாது. அதுக்குத்தான் மேடு. வாய்க்கால்ல சேருற சேத்தை அள்ளி அள்ளி மேட்டுலயே அணைப்பாங்க. பலகை கிடையாது, செங்கல் கிடையாது, விலைக்கு வாங்கின மண்ணும் கிடையாது. பக்கத்தைத் தாழ்த்துனா பாத்தி தானா உயரும். எங்க நஞ்சையில வாழை வைக்கிறதும் இதே கணக்குதான்.

தண்ணி கட்டுற இடத்துல வேரைக் காப்பாத்தத்தான் பாத்தியை உசத்துறது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிச் செலவு மிச்சம். வெளிநாட்டுல, பனி பெய்யுற ஊர்ல, பாத்தியை உசத்துறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர் முடிஞ்ச உடனே மண்ணு சீக்கிரம் சூடேறணும், அப்பத்தான் விதை முளைக்கும். அதுக்கு நாலு பக்கமும் வெயில் படுற மாதிரி பெட்டி கட்டுதான். நம்ம ஊருல மண்ணைச் சூடாக்க பெட்டி வேணுமா சாமி? சித்திரை வெயில்ல ரெண்டு அடிப் பெட்டியோட மேக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்க, தோசையே சுடலாம். அந்தச் சுவரை ஒட்டி இருக்குற வேரு என்ன ஆகும்?

அதனால முதல்ல ஒரு சோதனை பண்ணுங்க. நல்லா ஒரு மழை பெய்யட்டும். மறுநாள் காலையில உங்க முற்றத்துல தண்ணி தேங்கி நிக்குதா? அப்ப பாத்தியை முக்கால் அடியில இருந்து ஒரு அடி வரைக்கும் உசத்துங்க, அது போதும். தண்ணி எல்லாம் உள்ள இறங்கிருச்சா? அப்ப உசத்தவே வேண்டாம். எங்க புஞ்சைப் பக்கம் மாதிரி தரை மட்டத்துல, இல்லன்னா நாலு விரல் தாழ்த்திப் பாத்தி கட்டுங்க. ஓரத்துல வரப்பு இருந்தாப் போதும். குனிய முடியாத வயசானவங்களுக்கு மட்டும் இடுப்பு உயரப் பாத்தி சரி. அதுக்கும் அடிப்பாதியில தேங்காய் மட்டை, காஞ்ச மரக்கட்டை, வாழைத்தண்டுன்னு போட்டு நிரப்புங்க, முழுக்க மண்ணு வேண்டாம்.

இப்ப மாடி விஷயம். மருமகன் செங்கல் பாத்தி கட்டப்போறேன்னு சொன்ன உடனே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. கணக்கு லேசானதுதான். ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம்னு வச்சுத்தான் வழக்கமா டிசைன் பண்ணுதாங்க. நம்ம அளவுல சதுர அடிக்கு 14 கிலோ. ஒரு கன அடி ஈர மண்ணு 45 கிலோவுல இருந்து 50 கிலோ வரும். ஒன்றரை அடி உயரம் மண்ணு நிரப்புனா சதுர அடிக்கு 70 கிலோ. செங்கல் பாரம் தனி. தாங்கச் சொன்னதைப் போல அஞ்சு மடங்கு. நாலுக்குப் பத்துல ஒரு பாத்தி கிட்டத்தட்ட மூணு டன். ஒரு டெம்போவை மொட்டை மாடியில ஏத்தி நிரந்தரமா நிறுத்துன மாதிரி. அன்னிக்கே இடிஞ்சு விழாம இருக்கலாம். ஆனா வருஷம் முழுக்க அடியில ஈரம் நிக்கும், தளம் கசியும், கம்பி துருப்பிடிக்கும். அதுக்கப்புறம் கம்பி உப்பி காரை பேந்து விழும். காய்கறிக்கு ஆசைப்பட்டு வீட்டை விடணுமா? எஞ்சினியர்கிட்ட கேக்காம மாடியில மண்ணுப் பாத்தி கட்டவே கட்டாதீங்க.

"அண்ணாச்சி, நாங்க அடுக்குமாடியில இருக்கோம், வாடகை வீட்டுல இருக்கோம், எங்களுக்கு ஏது முற்றம்?" அப்படின்னு கேக்குறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாலு பையில கீரை போட்டுக்கிடுங்க, அது தப்பில்ல. சுவரை ஒட்டி, உத்திரத்துக்கு நேர் மேல வைங்க. பழைய தொட்டி, டப்பா, உடைஞ்ச பக்கெட்டுன்னு இருக்குறதை வச்சே செய்யுங்க. தென்னை நார்க் கட்டியை மட்டும் மண்ணுன்னு நினைச்சு ஏமாறாதீங்க. அது தண்ணி பிடிக்கும், அவ்வளவுதான். மக்காத நார்க்கழிவு செடிக்குப் போட்ட தழைச்சத்தையே தான் இழுத்துக்கிடும். இலை மஞ்சளா நிக்கிறது பல வீட்டுல இதனாலதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே அதைச் சிப்பிக்காளான் வித்து போட்டு மக்க வச்சுப் பயன்படுத்தத்தான் சொல்லுது. அடுக்குமாடிக்காரங்க இன்னொண்ணும் செய்யலாம். கீழ கார் நிறுத்துற இடம் போக, சுத்துச்சுவரை ஒட்டி ரெண்டு வரிசை பேவர் பிளாக்கைப் பெயர்க்கலாமான்னு சங்கக் கூட்டத்துல ஒருதடவை கேட்டுப் பாருங்க.

அரசாங்கமும் 2013 வாக்குல இருந்து தோட்டக்கலைத் துறை மூலமா மாடித் தோட்டத்துக்குப் பையும் நார்க்கட்டியும் விதையும் மானியத்துல கொடுக்குது. நல்ல எண்ணம்தான். ஆனா மூடின மண்ணைத் திறக்கிறவனுக்கு ஒரு பைசா மானியம் கொடுத்தா அதைவிட நல்லது. காய்கறிக்குக் காய்கறியும் ஆச்சு, நிலத்தடி நீருக்கு நீரும் ஆச்சு.

இனி மருமகன் வீட்டுல என்ன செஞ்சோம்னு சொல்லுதேன். ஆடி மாசம் மறுபடியும் போனேன்.

பின்பக்கம், காலை வெயில் விழுற இடமாப் பாத்து, பத்தடி நீளம் நாலடி அகலத்துக்கு பேவர் பிளாக்கைப் பெயர்த்தோம். ஏன் நாலடின்னா, ரெண்டு பக்கமும் நின்னு கை நீட்டினா நடுவுல எட்டணும். பாத்திக்குள்ள கால் வைக்கவே கூடாது, மிதிச்சா மண்ணு இறுகிப்போகும். ஒரு பக்கம் சுவர் இருந்தா ரெண்டு அடி அகலம் போதும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் பாத்தி வேண்டாம், ஒரு அடியாவது தள்ளி இருக்கணும். இல்லன்னா சுவர்ல ஓதம் ஏறும்.

நாப்பது சதுர அடியில நூத்தம்பது பிளாக் வந்துது. செங்கல் எதுக்கு வாங்கணும்? அந்த பிளாக்கையே படுக்கவச்சு சுத்துக்கட்டு கட்டினோம். சுத்தளவு 28 அடி. ஒரு வரிசைக்கு 38 பிளாக். ஆக நாலு வரிசை, ஒண்ணு மேல ஒண்ணு, செங்கல் கட்டுற மாதிரி இணைப்பு மாத்தி மாத்தி. முக்கால் அடி உயரம் வந்துருச்சு. கீழ்வரிசையைப் பாதி மண்ணுக்குள்ள புதைச்சுட்டோம், அது நகராது. நாலு மூலையில மட்டும் கொஞ்சம் சாந்து. மத்தபடி இணைப்புக்குச் சாந்தே வைக்கலை. மழைத் தண்ணி இடுக்கு வழியா வடிஞ்சுரும். அந்த பிளாக் எப்படியும் இருபது முப்பது வருஷம் இருக்கும். காரு ஏறி இறங்குறதுக்குச் செஞ்ச கல்லு, கத்தரிச் செடியையா தாங்காது?

உங்ககிட்ட பேவர் பிளாக் இல்லன்னா நாட்டுச் செங்கல் வைக்கலாம். ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க. கணீர்னு சத்தம் வரணும். வேகாத கல்லு ரெண்டு மழைக்கு ஈரத்துல கரைஞ்சு பொடியாயிரும். நாலரை அங்குலச் சுவர் ஒரு அடிக்கு மேல ஈர மண்ணைத் தாங்காது, வெளிய தள்ளிரும். ஒரு அடிக்கு மேல போனா ஒன்பது அங்குலமா கட்டுங்க. சாந்து வச்சுக் கட்டினா அடியில மூணு அடிக்கு ஒரு ஓட்டை விடுங்க. கிராமத்துப் பக்கம் இருக்குறவங்க பழைய வேலிக்கல்லைப் படுக்கவச்சாலே ஆச்சு, பேரன் காலம் வரைக்கும் அசையாது. மரம்தான் வேணும்னா, பழைய வீடு பிரிக்கிற இடத்துல பனங்கை கிடைக்குதான்னு பாருங்க. வைரம் பாஞ்ச பனங்கை நல்லா உழைக்கும். இதுக்காகப் பச்சைப் பனையை வெட்டிராதீங்க. மத்த பலகை எல்லாம் கரையானுக்குத்தான் தீனி.

எதை வைக்கக்கூடாதுன்னும் சொல்லிருதேன். உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஓடு வேண்டவே வேண்டாம், அந்த நாரு நுரையீரலுக்குப் போனா திரும்பாது. ரயில்வே பழைய கட்டைக்கு தாரெண்ணெய் ஏத்திருப்பாங்க, அதுவும் வேண்டாம். பழைய பெயிண்டு அடிச்ச கதவு, ஜன்னல் வேண்டாம், அதுல ஈயம் இருக்கும். வீடே பழைய குப்பைமேட்டுலயோ பட்டறை இருந்த இடத்துலயோ கட்டினதா இருந்தா அந்த மண்ணுல கீரை போடாதீங்க.

அடியில கான்கிரீட் போடக்கூடாது, பிளாஸ்டிக் விரிக்கக்கூடாது. பாத்திக்கு அடி திறந்து இருக்கணும். வேரு கீழ போகணும், மண்புழு மேல வரணும். மருமகன் வீட்டுல பிளாக்குக்குக் கீழ முதல்ல கல்தூளு, அதுக்குக் கீழ ஓட்டாஞ்சில்லு, செங்கல் துண்டு, வீடு கட்டும்போது கொட்டின குப்பை எல்லாம் வந்துது. "இதுலயா மாமா விளையப் போகுது?"ன்னு கேட்டார். கடப்பாரையால குத்தி ஒரு அடி தோண்டிப் பொறுக்கினோம். ரெண்டு நாள் வேலை. கீழ நல்ல மண்ணு இருந்துது. கறுப்பா, ஈரமா. வீடு கட்டுனதுல இருந்து மூச்சு முட்டிக் கிடந்த மண்ணு.

நிரப்புறதுக்கு நாங்க ஒரு மூட்டை மண்ணுகூட வாங்கலை. சொல்லி வச்சிருந்த நூறு மூட்டையை வேண்டாம்னுட்டார். தோண்டின மண்ணு இளகினதால அதுவே கொஞ்சம் உயர்ந்துது. பேக்குல இருந்த பழைய கலவை எல்லாத்தையும் கீழ இறக்கிக் கொட்டினோம். தெருவுல ஒரு பெரிய வேப்பமரம் நிக்குது. அந்தச் சருகைக் கூட்டி எரிக்கிறதுதான் அங்க வழக்கம். எரிக்காம எங்களுக்குக் கொடுங்கன்னு கேட்டு அஞ்சு சாக்கு வாங்கினோம். பால்காரர்கிட்ட சாணம் ரெண்டு கூடை. சருகு ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் தெளிச்சு, மண்ணு ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்திப் போட்டோம். சருகு மக்கும்போது பாத்தி அமுங்கும். வருஷா வருஷம் ரெண்டு மூணு அங்குலம் மக்கு போட்டுக்கிட்டே வரணும். கொடிக்கால்ல சேறு அணைக்கிற மாதிரிதான் இதுவும்.

உடனே காய்கறி வைக்கவும் இல்ல. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா சொல்லிட்டுப் போன பல தானிய விதைப்புதான். கம்பு, சோளம், உளுந்து, தட்டப்பயறு, எள்ளு, ஆமணக்கு, கொத்தமல்லின்னு கைக்குக் கிடைச்சதை எல்லாம் கலந்து விதைச்சு, பூ எடுக்குற நேரம் பிடுங்கி அங்கேயே மண்ணுல அமுக்கியாச்சு. மேக்குப் பக்கம் நாலு அகத்தி. சாயங்கால வெயிலைத் தணிக்கும், தழையும் ஆச்சு, அமாவாசைக்குக் கீரையும் ஆச்சு. நடுவுல எங்க காருகுறிச்சியில இருந்து கொண்டுபோன ரெண்டு மண்பானையைக் கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி ஊத்தி மூடி வச்சோம். பானை கசிஞ்சு வேருக்குக் கொடுக்கும். ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் செடி வாடாது. பானை வாங்குனா குயவர் வீட்டுல அடுப்பு எரியும். மேல வைக்கோலோ சருகோ போட்டு மூடாக்கு. வெறும் மண்ணு வெயிலைப் பாக்கவே கூடாது.

பொய் சொல்லக்கூடாது, முதல் போகம் ஓகோன்னு வரலை. வெண்டை சுமாரு. கத்தரியில காய்ப்புழு. கீரையும் கொத்தவரையும் மட்டும் நல்லா வந்துது. ஆனா ஐப்பசி மழையில தெரு முழுக்க முழங்கால் தண்ணி நின்னப்ப, அந்த நாப்பது சதுர அடியைச் சுத்தி மட்டும் தண்ணி சுழிச்சு உள்ள இறங்குறதை மக போன்ல படம் பிடிச்சு அனுப்பினா. "அப்பா, நம்ம வீட்டு மண்ணு தண்ணி குடிக்குது"ன்னு எழுதியிருந்தா.

2023 டிசம்பர் 17, 18 தேதியில எங்க பக்கம் வந்த வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் மழை. தாமிரபரணி வடிஞ்ச பிறகு கரையில இருந்த மருத மரம் எல்லாம் துணியும் பிளாஸ்டிக்கும் தொங்கிக்கிட்டு நின்னுது. அதுக்கு நடுவுல பச்சை, வெள்ளைன்னு இந்தச் செடிப் பையும் தொங்குனதை நான் கண்ணால பாத்தேன். இயற்கை விவசாயம்னு பேரு வச்சுக்கிட்டு, ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை நாப்பது பிளாஸ்டிக் பையைக் குப்பைக்குத் தள்ளுறதுக்கு வெட்கப்படணும்.

பேவர் பிளாக்கை முழுசா எடுக்கச் சொல்லலை. சேறு ஒட்டுது, பாம்பு வருது, கார் நிக்கணும்னு உங்களுக்கும் நாலு காரணம் இருக்கும். நாப்பது சதுர அடி திறங்க, அவ்வளவுதான். புரட்டாசிக்குள்ள திறந்துட்டா ஐப்பசி மழை வீணாப் போகாது.

எங்க புஞ்சைக்கு இந்த வருஷமும் கிடை போடச் சொல்லிருக்கேன். எங்க பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. நாட்டு வெண்டை, கொத்தவரை, சிறுகீரை, அகத்தி எல்லாம் விதை எடுத்து வச்சிருக்கேன். எவ்வளவு வேணும்னாலும் தாரேன். மண்ணு மட்டும் கேக்காதீங்க.